டிபிஎஃப் லைட் மூன்றாவது முறையாக எரிகிறது, ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார்கள்: மாற்றத்தான் வேண்டுமா?

வேளச்சேரி டீசல்:

வணக்கம். வண்டி 2021 மாடல், பிஎஸ்6 (இப்போதைய புகை விதி), 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது. வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குத் தினமும் போய் வருகிறேன், மாதம் ஒரு தடவை சொந்த ஊர் விழுப்புரம்.

மூன்று மாதம் முன்னால் முதல் தடவை டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி, வண்டியை நிற்க வைத்தே ரீஜென் (சேர்ந்த கரியை எரிப்பது) செய்து கொடுத்தார்கள், லைட் அணைந்தது. சுமார் 600 கிலோமீட்டரில் மறுபடி எரிந்தது. மறுபடி அதே வைத்தியம். போன வாரம் ஊருக்குப் போகும்போது மதுராந்தகம் தாண்டியதும் இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்து, பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 2,500 ஆர்பிஎம் தாண்டவில்லை. வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், பின்னால் லாரிகள். ரொம்பப் பயந்துவிட்டேன்.

இப்போது ஃபில்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று 1,38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். சிட்டியிலேயே ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். நான் மாதாமாதம் ஹைவேயில் போகிறேனே என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

திருச்சி டிரைவர்:

நண்பரே, ஹைவேயில் நாலாவது கியரில் 80 முதல் 90 வேகத்தில், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கரி எரிந்துவிடும். என் வண்டியில் இரண்டு தடவை இப்படியே சரியானது. டேங்கில் டீசல் கால்வாசிக்கு மேல் இருக்கட்டும், ரிசர்வில் இருந்தால் பல வண்டிகளில் ரீஜென் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

வேளச்சேரி டீசல்:

இரண்டாவது தடவை லைட் எரிந்தபோதே அதைத்தான் செய்தேன். பரனூர் டோலிலிருந்து அச்சிறுபாக்கம் வரை ஒரே வேகம், டேங்க் முக்கால்வாசி இருந்தது. லைட் அணையவில்லை.

கோவை பட்டறை:

தம்பி, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடமாக டீசல் வேலைதான் பார்க்கிறேன், பிஎஸ்6 வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு வண்டியாவது இந்தக் குறையோடு வருகிறது. உங்கள் பதிவிலேயே இரண்டு இடம் என் கண்ணில் பட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபில்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை அது. ஒவ்வொரு குழாயும் ஒரு முனையில் அடைபட்டிருக்கும், பக்கத்துக் குழாய் எதிர்முனையில் அடைபட்டிருக்கும். புகை ஒன்றில் நுழைந்தால் சுவர் வழியாகக் கசிந்துதான் அடுத்த குழாய்க்குப் போய் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய கரி ஓரளவு சேர்ந்ததும் ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்துச் சூட்டைக் கிட்டத்தட்ட 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியை எரித்துவிடும், அதுதான் ரீஜென். எரியாமல் மிஞ்சுவது இன்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும். அது ஃபில்டரை நிரப்ப ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், அதற்கும் மேலே கூட ஆகும். 52,000இல் சாம்பலால் ஃபில்டர் நிறைந்தது என்றால் நான் நம்ப மாட்டேன், தவறான ஆயில் ஊற்றியிருந்தாலோ இன்ஜின் ஆயில் குடித்தாலோ ஒழிய.

அப்படியானால் உங்கள் வண்டியில் சேர்ந்திருப்பது கரி. கரி சேர இரண்டே வழிதான். ஒன்று, இன்ஜின் அளவுக்கு மேல் கரி கக்குகிறது. இல்லையென்றால், வழக்கமான கரிதான், ஆனால் எரிக்கும் வேலை நடக்கவில்லை. ஈர விறகு எரித்து அடுப்படிச் சுவரெல்லாம் கரி பிடித்தால் சுவரை இடித்துக் கட்டினால் தீருமா? புது ஃபில்டர் போட்டாலும் அடுத்த சில மாதத்தில் அதே லைட்தான், அப்போது இந்த 1,38,000 எங்கே போனது என்று யாரைக் கேட்பீர்கள்?

கண்ணில் பட்ட இரண்டு விஷயம்: நிற்க வைத்து எரித்தால் ஒழுங்காக எரிகிறது, ஹைவேயில் ஓடும்போது எரியவில்லை. வழக்கமாக நான் பார்ப்பது இதற்கு நேர் எதிர். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த விவரங்களைக் கொண்டுவாருங்கள். என்னென்ன எரர் கோடு பதிவாகியிருக்கிறது. கடைசியாக ரீஜென் முழுதாக முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது. கரி எத்தனை கிராம் காட்டுகிறது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாவி மட்டும் போட்ட நிலையிலும், ஐடிலிலும், 3,000 ஆர்பிஎம்மிலும் எவ்வளவு. கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) சூடு ஹைவேயில் எவ்வளவு, டிராஃபிக்கில் எவ்வளவு. அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக்கில் எந்த இடத்தில் நிற்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் போனோடு இணைக்கிற ஈஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று, உங்கள் மாடலுக்கு உரிய பட்டியல் உள்ள ஆப் ஒன்று இருந்தால் இதெல்லாம் நீங்களே பார்க்கலாம்.

ஓசூர் ரோடு:

இவ்வளவு தலைவலி எதற்கு? ஃபில்டருக்குள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஈசியு மேப்பை மாற்றித் தருகிற இடங்கள் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்தாயிரத்தில் முடிந்துவிடும், மைலேஜும் கூடும். என் நண்பன் செய்து ஒரு வருடம் ஆகிறது, எந்தப் பிரச்சினையும் இல்லை.

கோவை பட்டறை:

ஓசூர் நண்பரே, உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், அதனால் கோபமில்லாமல் சொல்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. புகை விதியை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் மறுப்பதில்லை. பிஎஸ்4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை அனுமதி இருந்தது, பிஎஸ்6இல் அது 4.5. அந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பீங்கான் கட்டையால்தான் சாத்தியமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என் பட்டறையில் பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர் அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறார்கள். சிக்னலில் நம் சைலன்ஸருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார், அவரையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கரி அதிகமாகக் கக்குகிற காரணம் அப்படியே உள்ளே இருக்கும். லீக் ஆகிற இன்ஜெக்டர் லீக் ஆகிக்கொண்டே இருக்கும், எச்சரிக்க லைட்டும் இருக்காது. ஒரு நாள் பிஸ்டனில் வந்து முடியும்.

பர்மிங்காம் தமிழன்:

பட்டறை அண்ணா சொல்வது சரி. இங்கே பிரிட்டனில் 2014 பிப்ரவரியிலிருந்து வருடாந்தர எம்ஓடி சோதனையில் ஃபில்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இல்லையென்றால் வண்டி ஃபெயில். மலிவாகக் கிடைத்ததென்று பழைய டீசல் வாங்கிவிட்டு, உள்ளே வெற்றுக் குழாய் என்று பிறகு தெரிந்து தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி வாங்கும்போது சைலன்ஸர் முனையில் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல ஃபில்டர் உள்ள வண்டியில் துணி கருப்பாகாது.

மதுரை டாக்ஸி:

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். என் வண்டியில் கோடு பி2453 வந்தது, அது அழுத்த வித்தியாசம் பார்க்கிற சென்சார் தப்பாகச் சொல்கிறது என்று அர்த்தம். மூன்று இடத்தில் காட்டினேன், மூன்று பேரும் கோடு நம்பரைப் படித்துவிட்டு ஃபில்டர் என்றார்கள். கடைசியில் வண்டியூரில் ஒரு பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்து ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஃபில்டரிலிருந்து சென்சாருக்குப் போகிற இரண்டு ஹோஸில் ஒன்று சூட்டில் உருகி ஓட்டை விழுந்திருந்தது. ஒரு ஹோஸ், இரண்டு கிளிப். டாக்ஸி நாலு நாள் ஓடாமல் நின்ற நஷ்டம்தான் பெரிது.

கோவை பட்டறை:

மதுரை அண்ணன் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், நான் முதலில் கை வைக்கிற இடமும் அந்த ஹோஸ்தான். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு மில்லிபார் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அப்போதே 40, 50 என்று காட்டினால் பொய் சொல்வது சென்சார்தான். இன்ஜினை ரெய்ஸ் செய்தாலும் பூஜ்யத்திலேயே நின்றால் ஹோஸ் கழன்றிருக்கும், அல்லது ஓட்டை, அல்லது ஃபில்டர் உள்ளே உடைந்திருக்கிறது. மைனஸில் போனால் இரண்டு ஹோஸையும் யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நல்ல வண்டியில் ரெய்ஸ் செய்யும்போது ஏறி, விட்டதும் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். ஹோஸில் தண்ணீர் கோத்திருந்தால் சென்சார் பக்கத்தைக் கழற்றிவிட்டு ஃபில்டரை நோக்கி ஊதுங்கள், சென்சாரை நோக்கி ஊதினால் சென்சார் போய்விடும்.

வேளச்சேரி டீசல்:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அடாப்டர் வாங்கி, ஆப் போட்டு, நேற்று இரவு செங்கல்பட்டு வரை மெதுவாகப் போய் வந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

கோடு ஒன்றுதான், பி2463, கரி அதிகம் என்று. கரி 27 கிராம். அழுத்த வித்தியாசம் சாவி போட்டால் 0, ஐடிலில் 11 மில்லிபார், 3,000இல் 96, விட்டதும் இறங்குகிறது. ஹோஸ் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் செய்ததை விட்டால் ரீஜென் முழுதாக முடிந்து 1,140 கிலோமீட்டர் ஆகிறது. ரீஜென் கோரிக்கை என்ற இடத்தில் ஆம் என்றும், நடக்கிறதா என்ற இடத்தில் இல்லை என்றும் காட்டுகிறது. இடையில் ஒரு தடவை தாம்பரம் டிராஃபிக்கில் ஆம் என்று மாறி, பெருங்களத்தூர் தாண்டி வேகம் பிடித்ததும் மறுபடி இல்லை என்று ஆகிவிட்டது. ஆயில் மேல் கோட்டைவிட அரை விரல் உயரம் நிற்கிறது. கூலன்ட் சூடு டிராஃபிக்கில் 84, 85. ஜிஎஸ்டி ரோட்டில் 80இல் போகும்போது 66, சில நேரம் 62. மீட்டர் முள் மட்டும் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது.

கோவை பட்டறை:

தம்பி, உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், இப்படி எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்ஜின் நன்றாக ஓடுகிறபோது கூலன்ட் 85இலிருந்து 95க்குள் நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது தெர்மோஸ்டாட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். உங்கள் வண்டியில் அது மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். டிராஃபிக்கில் காற்று அடிக்காது, அதனால் கூலன்ட் 85க்கு வந்துவிடுகிறது. ஹைவேயில் ரேடியேட்டரில் மோதுகிற காற்று அதைத் தொடர்ந்து குளிரவைத்து 62க்கு இறக்குகிறது. பல வண்டிகளில் கூலன்ட் 70ஐ ஒட்டியாவது இருந்தால்தான் ஈசியு ரீஜெனுக்கு அனுமதி கொடுக்கும். புகைக்குழாயில் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடு ஹைவேயில்தான் கிடைக்கும், அதே ஹைவேயில் உங்கள் கூலன்ட் 62 ஆகிவிடுகிறது. கூலன்ட் சரியாக இருக்கிற டிராஃபிக்கில் புகைச் சூடு போதாது. ரெண்டும் ஒரே நேரத்தில் உங்கள் வண்டிக்குக் கிடைக்கவே இல்லை.

சர்வீஸ் சென்டரில் மட்டும் ஏன் எரிந்தது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. நின்ற வண்டி, மோதுகிற காற்று இல்லை, கூலன்ட் ஏறிவிட்டது, கம்ப்யூட்டர் புகைச் சூட்டையும் ஏற்றிவிட்டது.

ஆயில் மட்டம் ஏறியிருப்பது கவலையான விஷயம். பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனிலும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் நீர்த்துவிட்டது. மட்டம் இன்னும் ஏறினால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து அடங்காமல் ஓட ஆரம்பிக்கும் அபாயம் உண்டு. தெர்மோஸ்டாட் மாற்றும் வரை தூரப் பயணம் வேண்டாம், ஊருக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனை செய்துவிடுங்கள், ஊகத்தில் பொருள் மாற்றுவது எனக்குப் பிடிக்காது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் இன்ஜினைப் போடாமல், சாவி மட்டும் போட்டு கூலன்ட், உள்ளே வரும் காற்று, புகைக்குழாய் சென்சார்கள் எல்லாவற்றின் சூட்டையும் பாருங்கள். எல்லாம் வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் மட்டும் இருபது டிகிரி விலகி நின்றால் குற்றவாளி சென்சார், தெர்மோஸ்டாட் இல்லை. அடுத்து இன்ஜினைப் போட்டு ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸை ஃபேனில் கை படாமல் தொட்டுப் பாருங்கள். கூலன்ட் 80 தாண்டும் வரை அது குளிர்ந்தே இருக்க வேண்டும்.

திருச்சி டிரைவர்:

அண்ணா, ஒரு சந்தேகம். சென்னை வெயிலில் இன்ஜின் சூடாகவில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அப்புறம் அந்த முள் ஏன் நடுவில் நிற்கிறது? தெர்மோஸ்டாட் போனால் தனிக் கோடு வராதா?

கோவை பட்டறை:

நல்ல கேள்வி. நமக்கு 35 டிகிரி கொளுத்துகிற வெயில், இன்ஜினுக்கு அது குளிர்காற்று. 66க்கும் 35க்கும் நடுவில் 31 டிகிரி இருக்கிறதே. நம் ஊர்ப் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டை இதனால்தான் யாரும் சந்தேகிப்பதில்லை, பழைய வண்டிகளில் சூடு ஏறுகிறது என்று அதைக் கழற்றியே போட்டுவிடுவார்கள். பழைய டீசல் அதைத் தாங்கியது, டிபிஎஃப் உள்ள வண்டி தாங்காது. முள் விஷயம் என்னவென்றால், இப்போது வரும் பல வண்டிகளில் அறுபது எழுபதிலிருந்து நூறுக்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். பி0128 என்ற கோடு வர வேண்டும், ஆனால் டிராஃபிக்கில் கூலன்ட் 85 தொட்டுவிடுவதால் ஈசியு ஏமாந்திருக்கும்.

ஓசூர் ரோடு:

நான் எழுதியதை நினைத்து வருத்தப்படுகிறேன். நண்பனிடமும் இதைப் படிக்கச் சொல்கிறேன். கடைகளில் டீசலில் ஊற்றுகிற டிபிஎஃப் கிளீனர் விற்கிறார்களே, அது பயன்படுமா?

கோவை பட்டறை:

வருத்தப்பட ஒன்றுமில்லை, நீங்கள் கேட்டதால் பலர் படிப்பார்கள். கிளீனர் கரி எரிகிற சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். 2000இல் பெஜோ 607 கார் இந்த ஃபில்டரோடு வந்தபோதே டீசலில் அப்படி ஒரு மருந்தைத் தானாகக் கலக்கும் அமைப்போடுதான் வந்தது, ஆகவே யோசனை பொய் இல்லை. ஆனால் ரீஜெனே ஆரம்பிக்காத வண்டியில் அதனால் என்ன ஆகும்? சாம்பலை எந்த மருந்தும் கரைக்காது, ஃபில்டரைக் கழற்றி அதற்கான மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டும். சிலர் கார் கழுவுகிற பிரஷர் பம்ப்பால் அடிக்கிறார்கள், அது சுவரில் உள்ள பூச்சையே பெயர்த்துவிடும். ஆயில் மட்டும் ஏசிஇஏ தரத்தில் சி2 அல்லது சி3, உங்கள் கையேட்டில் எது இருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். அதில் சாம்பல் குறைவு.

வேளச்சேரி டீசல்:

காலை சோதனை: கூலன்ட் 29, காற்று 30, புகைக்குழாய் சென்சார்கள் 29, 30. மேல் ஹோஸ் இன்ஜின் போட்ட நாலாவது நிமிடமே வெதுவெதுப்பாகிவிட்டது, அப்போது கூலன்ட் 48.

கோவை பட்டறை:

தெர்மோஸ்டாட்தான், மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பிறகு நிற்க வைத்து ரீஜென் செய்யச் சொல்லாதீர்கள், ஹைவேயில் தானாக நடக்கிறதா என்று பார்த்தால்தான் நோய் தீர்ந்ததா என்று தெரியும். நடக்கும்போது பாதியில் நிறுத்த வேண்டாம், காய்ந்த புல், வைக்கோல் இருக்கிற ஓரத்தில் வண்டியை நிறுத்தவே வேண்டாம். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் 600 டிகிரி.

வேளச்சேரி டீசல்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பள்ளிக்கரணையில் தெரிந்த பட்டறையில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கோடு மாற்றினோம். பழையதை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுக் காட்டினார், குளிர்ந்த பிறகும் மூடவில்லை. கூலன்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 9,700 ஆனது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நானும் தம்பியும் மட்டும் கிளம்பினோம். ஜிஎஸ்டி ரோட்டில் கூலன்ட் 88, அசையவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் ரீஜென் ஆம் என்று மாறியது. மைலேஜ் காட்டுவது பாதியாக இறங்கியது, புகைக்குழாய்ச் சூடு 610 வரை போனது. செங்கல்பட்டு தாண்டும் வரை கரி 25, 22, 17 என்று இறங்கிக்கொண்டே வந்தது. பதினாறு நிமிடத்தில் 4 கிராமில் நின்றது. மதுராந்தகத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், முன்பு பிக்கப் போன அதே இடத்துக்குப் பக்கத்தில்தான். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

இப்போது 3,000 ஆர்பிஎம்மில் அழுத்த வித்தியாசம் 38. அண்ணா, இது சரியான அளவா?

கோவை பட்டறை:

தாராளமாகச் சரி. ஃபில்டருக்கு ஒன்றுமில்லை. அடுத்த ரீஜென் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்று மட்டும் எழுதிவையுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு 250க்கு மேல் வந்தால் நல்லது. நூறுக்குள் வந்தால் இன்ஜெக்டர், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), டர்போ ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது இங்கேயே எழுதுங்கள்.

வேளச்சேரி டீசல்:

இன்று காலை மேடவாக்கம் பக்கத்தில் ஐடில் 1,000க்கு ஏறியது, ரீஜென் ஆரம்பம். போனதிலிருந்து 318 கிலோமீட்டர். ஆபீசுக்குத் திரும்பாமல் கேளம்பாக்கம் வரை நேராகப் போய், அது முடிந்த பிறகு திரும்பி வந்தேன்.